தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகள்

நகக்கண் ஆழத் தண்ணீர் போதும்
ஒரு காடைக்குஞ்சு முங்கிச் சாக.
அதனால் தட்டு நிறையக் கோலிக்குண்டு பரப்பியிருக்கிறேன்,
மகள் மார்லிஸ் விட்டுப்போன டப்பாவிலிருந்து.
பச்சை, நீலம், உள்ளே பூனைக்கண் ஓடுவது.
இடுக்கில் அலகை விட்டுக் குடிக்கின்றன.
இரண்டு நாள் வயசு.
என் கட்டைவிரல் அவற்றை விடப் பெரிது.

பெட்டியின் மூலைகளை அட்டை வளைத்து மழுக்கிவிட்டேன்.
மூலை கிடைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்,
அடியில் இருப்பதற்கு மூச்சு முட்டும்.
சிவப்பு விளக்கின் சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றி,
ஒரு கண்ணி இறக்கி.
விளக்கடியில் குவிந்தால் குளிர்.
ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு.
தெர்மாமீட்டர் பொய் சொல்லும். குஞ்சு சொல்லாது.

காலையிலிருந்து பின்பக்கம் கழுவும் வேலை.
எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட பதினேழு.
வெதுவெதுப்பான நீர், காது குடையும் பஞ்சு, பொறுமை.
இழுத்தால் தோலோடு வரும்;
ஊற வேண்டும், ஊறும்வரை அது என் உள்ளங்கையில்
இதயம் முழுக்க உடம்பாய் அடித்துக்கொண்டு.
அழுவதா சிரிப்பதா என்று தெரியாத வேலை.
மார்லிஸ் போனில் கேட்டாள், என்னம்மா செய்கிறாய் என்று.
கணக்குப் பார்க்கிறேன் என்றேன்.

கிளிஃப் உன்ரூவும் கூப்பிட்டார்.
அக்டோபரில் நூறு வேண்டுமாம், நாய்களைப் பழக்க.
"போன தடவை சில சோம்பேறிகள், லோர்னா.
உதைத்தால்தான் எழும்பின.
வெடித்துக் கிளம்புகிற மாதிரி வேண்டும்."
சரி என்றேன்.
சொல்லும்போது இடது கையில்
கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிப் போன ஒன்று,
நீந்துவது போல் கிடந்தது.
பிளாஸ்திரியை நூலகலத்தில் கீறி
இரண்டு காலையும் சேர்த்துத் தளை போட்டேன்,
நடுவில் ஒரு குஞ்சுக்கால் இடைவெளி விட்டு.

ராத்திரி இரண்டே பத்துக்கு மின்சாரம் போயிற்று.

ஆர்லின் அறுவடைக் கும்பலோடு ஒக்லஹோமாவில்.
ஜெனரேட்டர் இழுத்தேன், இருமியது, நின்றது.
மேற்கே கோதுமை வயலுக்கு மேல்
வானம் பல்லைக் காட்டிக் காட்டி மூடிக்கொண்டிருந்தது.
நூற்று நாற்பத்தைந்தை இரண்டு அட்டைப்பெட்டியில் அள்ளி
பிக்கப் டிரக்கின் முன்சீட்டில் வைத்தேன்,
தளை போட்டதைச் சட்டைப்பையில்.
ஹீட்டரை முழுக்கத் திருகினேன்.
கன்சாஸில், ஜூன் மாதத்தில்,
கண்ணாடியில் அரை அங்குலம் விட்டு ஏற்றி,
ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

ஆலங்கட்டி கூரையில் கொட்டியது.
ஒவ்வோர் இடிக்கும் பெட்டி முழுதும் சட்டென்று அடங்கும்.
பிறகு எங்கோ ஒன்று, மெல்ல,
இருக்கிறேன் என்பது போல.
அதன் பின்னால் எல்லாம்.
ரேடியோவில் பக்கத்து மாவட்டத்துப் பெயர்கள்,
எங்கள் பெயர் வரவில்லை.
டீசல் முள் கால்வாசிக்குக் கீழே சரிந்தது.
நான் முள்ளைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.
வியர்வை கழுத்தில் இறங்கிப் பைக்குப் போகாமல்
துண்டால் தடுத்துக்கொண்டே இருந்தேன்.

நாய்கள் நினைவுக்கு வந்தன. வராமல் என்ன.
உன்ரூவின் பழுப்புப் பெட்டைநாய் புல்லில் உறைந்து நிற்கும்,
முன்கால் ஒன்று மடங்கி,
பார்க்க அழகாகத்தான் இருக்கும்.
அடுத்து புல் வெடிக்கும்.
அந்த அரை நொடிக்காகத்தான் பணம் தருகிறார்கள்.
அந்த அரை நொடிக்கு இறக்கை வேண்டும்,
இறக்கைக்கு முன் கால் வேண்டும்.
இதற்கு மேல் யோசிக்க
விடியற்காலை மூன்றரை மணி சரியான நேரம் இல்லை.

ஐந்து நாற்பதுக்கு கொட்டகை விளக்கு தானாக எரிந்தது.
பெட்டிகளை இறக்கினேன்.
அடியில் நான்கு, தட்டையாக, உலர்ந்த இலை போல.
மற்றதெல்லாம் நேராகக் கோலிக்குண்டுக்கு ஓடின,
இரவு என்று ஒன்று நடக்காதது மாதிரி.

நோட்டில் எழுதினேன்.
பொரித்தவை நூற்றைம்பது.
செத்தவை ஒன்பது.
இருப்பவை நூற்று நாற்பது.
கூட்டிப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
அது பைக்குள் தூங்குகிறது;
தளையை நாளைக்குத்தான் அவிழ்க்க வேண்டும்.
சட்டையை மாற்றாமல்,
குனியாமல்,
பல் தேய்க்கிறேன்.