ஐஸ்காரனின் கார்

குருநகரில் ஐஸ் ஃபக்ரறி வைத்திருப்பவனின் கார்
பளையில் கொதித்து நின்ற கதை
எனக்கு முந்தியே மீன்சந்தைக்குப் போய்விட்டது.
"உன்ரை ஐஸிலை ரெண்டு துண்டு உள்ளுக்கை போடன் பெனில்டஸ்"
என்று சிரித்தவர்களுக்கு
அன்றைக்குக் கடன் இல்லை.

வெள்ளை இம்பிரெசா. ரேர்போ.
எங்கோ ஜப்பானில் எவரோ பனிக்குள் ஓட்டியது.
இங்கே ஏ-ஒன்பதில், சித்திரை மத்தியானத்தில்,
முள்ளு சிவப்பைத் தொட்டதும்
பக்கத்து வளவுக் கிணற்றில்
ஒரு வாளி வாங்கி ஊற்றினேன்.
தாகம் எல்லாம் ஒன்று என்ற நினைப்பு.

கொக்குவிலில் சுகிர்தா பம்பரைக் கழற்றினாள்.
பல்செட் கழற்றிய பெரிய மனிதர்போல
கார் என்னைப் பார்க்காமல் நின்றது.
"எந்தத் தண்ணி விட்டனீங்கள்?"
"கிணத்துத் தண்ணி."
"எத்தினை தரம்?"
பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இலக்கம் சொல்வதில்லை.

பழைய றேடியேற்றரைக் குறுக்கே அரிந்து காட்டினாள்.
கேத்தில் அடியில் படிவதுபோல
குழாய்க்குக் குழாய் வெள்ளைச் சுண்ணாம்பு.
விரலால் சுரண்டினேன், வரவில்லை.
இந்த நிலத்துக்குக் கீழே முழுக்க இதுதான் என்பார்கள்.
அதில் ஒரு கைப்பிடியை
நாலு வருசமாய் ஏற்றி இறக்கித் திரிந்திருக்கிறேன்.

புது றேடியேற்றர், புது இன்ரர்கூலர்.
பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டியில்
எவரோ கால்நீட்டி நித்திரை கொண்டிருக்க வேண்டும்:
ஒரு மூலையில் செதில்கள் சாய்ந்து கிடந்தன.
தலையிலிருந்து ஊசியை உருவி
ஒவ்வொன்றாய் நிமிர்த்தினாள்.
ஒரு மணித்தியாலம். பேச்சில்லை.
பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை சொல்பவன் நான்;
காற்றுக்கும் செவுள் உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நெரித்தால் காற்றுச் சுடும்.
சைக்கிள் பம்மின் அடியைத் தொட்ட எவருக்கும் தெரியும்.
எனக்கு அதைவிடத் தெரியும்:
அமோனியாவை நெரித்து, சூட்டைப் பிடுங்கி,
பிறகு அவிழ்த்துவிட்டுத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்.
அதே கணக்கு என் காருக்குள் ஓடியதை
ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

"ரெண்டு விரல் வெட்ட வேணும்."
"பம்பரையோ?"
"பின்னை, என்ரை கையையோ?"
கிரைண்டர் தொடங்கியபோது
நான் வெளியே போய்ச் சோடா குடித்தேன்.
நெல்லிரசம். இனிக்கவில்லை.

கடைசியில் பச்சைத் திரவம், வடித்த தண்ணீர்,
மூடி திறந்தபடி எஞ்சின்.
உள்ளே சிக்கிய காற்று வெளியே வர
ஹீற்றரை முழுக்கத் திறக்க வேண்டுமாம்.
யாழ்ப்பாணத்தில், மத்தியானம் ஒரு மணிக்கு, ஹீற்றர்.
நான் உள்ளே இருந்து அவிந்தேன்.
பழைய பனிநாட்டுத் தூசி ஒன்று
முகத்தில் வந்து மோதியது.
அவள் முன்னால் நின்று குமிழிகளை எண்ணினாள்.
"இன்னும் ஒண்டு வருது. இருங்கோ."
இருந்தேன்.
"இன்னும் ஒண்டு."

அடுத்த நாள் பண்ணைப் பாலம்.
இரண்டு பக்கமும் தட்டையாய்க் கடல்,
மூன்றாவது கியர், நாலாவது,
பின்னுக்கிருந்து யாரோ நெஞ்சைத் தள்ளுவதுபோல அந்த இழுவை.
முள்ளு நடுவில் நின்றது.
அசையவில்லை.
பழுதோ என்றுகூடத் தட்டிப் பார்த்தேன்.

மண்டைதீவுச் சந்திக்கு இப்பால் நிறுத்தி
பொனற்றைத் தூக்கிக் கைவைத்தேன்.
உள்ளே போகும் குழாய் சுட்டது.
வெளியே வரும் குழாயில்
கடற்காற்றின் சூடு மட்டும்.
இடையில் மூன்று சாண்.
கையை எடுக்க மனமில்லை.

பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டி,
"கொதிச்சிட்டுதோ?" என்றார்.
"இல்லை."
வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்
கொஞ்சம் தள்ளி நின்றேன்.
அவரும் கையை வைத்துப் பார்த்தார்.