பஸ்ஸுக்குத் தெரியாத மேடு

சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூருக்குத் திரும்பும்போது
காரிக்குறிச்சி தாண்டியதும் ஒரு மேடு.
யாரிடம் கேட்டாலும்
"அங்க ஏது மேடு, தரையாட்டுல்லா கெடக்கு" என்பார்கள்.
பதினோரு வருஷமாக என் தொடை இரண்டும்
அதற்குச் சாட்சி.

காலையில் மேல்காற்று முதுகில் கை வைத்து
மருந்துக்கடை வாசல் வரை கொண்டுவிடும்.
சாயந்திரம் அதே காற்று
வட்டியோடு திருப்பிக் கேட்கும்.
ஆனி, ஆடியில்
வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பதை
ஓரத்துப் பனையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
எதிரே பொதிகை,
எவ்வளவு மிதித்தாலும் ஓரடி கிட்டே வராமல்.

உளுந்துக்கொடியை ரோட்டில் பரப்பியிருக்கும் நாட்களில்
செயினில் கொடி சுற்றும்.
உடைமுள் குத்தும்.
டியூபில் ஒட்டு மட்டும் பதினேழு.
புதுசு மாற்று என்று முப்பிடாதி ஒவ்வொரு தடவையும் ஏசுவார்,
ஏசிக்கொண்டே ஒட்டித் தருவார்.

வைகாசியில்
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபக்கனி
ஸ்கேனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து
"பதினாறு வாரம்" என்றார்.
கட்டியையும் பிள்ளைக் கணக்கில்தான் அளப்பார்களாம்.
ஐம்பது வயதில் எனக்கு நாலாம் மாசம்.
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டு ஆவுடையக்கா
பழம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னாள்:
"சைக்கிளு சைக்கிளுன்னு அலைஞ்சா
கர்ப்பப்பை எப்படிளா தங்கும்?"
டாக்டரிடம் கேட்டேன்.
"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."
அதைச் சீட்டில் எழுதி வாங்கியிருக்கலாம்,
மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்,
ஆவுடையக்காவுக்கு.

எடுத்தாயிற்று.
மூன்று மாசம் மிதிக்கக் கூடாது.
குடம் தூக்கக் கூடாது.
தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.
தலையணைக்கு வந்த வாழ்வு.

தையலைக் காட்டிவிட்டு பஸ்ஸில் வந்தேன்,
ஜன்னலோரம்.
காரிக்குறிச்சி தாண்டியதும்
கால்கள் தாமாகவே இறுகின.
அடிவயிற்றில் சுருக்கென்றது.
டிரைவர் கியரைக்கூட மாற்றவில்லை.
மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு பக்கத்திலிருந்தவள்
"என்னக்கா செய்யுது?" என்றாள்.
"மேடு" என்றேன்.
எட்டி வெளியே பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

கன்னடியன் காலில் தண்ணீர் விட்டதைச்
சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.
காற்று கதவை அடித்தது, நாளெல்லாம்.
என்னிடம் வசூலிக்க வேண்டியதை
இப்போது யாரிடம் வாங்குகிறதோ.
எத்தனை ஆடி திட்டியிருக்கிறேன் இதை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கரபாகம் காற்றடித்துத் தருகிறார்.
பம்பை அழுத்த என் வயிற்றுக்கு அனுமதியில்லை.
சின்ன வயதில் விழுந்து பல் உடைந்ததிலிருந்து
சைக்கிளைத் தொடாத மனுஷன்.
"ஓட்டாத வண்டிக்கு எதுக்குட்டி காத்து?"
என்னவென்று சொல்ல.
"ஒட்டு விட்டுரும்" என்றேன்.
வேர்வை மூக்கில் சொட்ட இருபது, இருபத்தொன்று என்று எண்ணுகிறார்,
கட்டைவிரலால் டயரை அமுக்கி
நாடி பார்ப்பதுபோல் நிற்கிறார்.

ஒன்பதாவது வாரம்,
விளக்கு வைக்கும் நேரம்,
கால்வாய்ப் பாலம் வரை வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.
பெல்லை ஒருதரம் அடித்தேன், யாரும் குறுக்கே இல்லை.
தண்ணீர் கலங்கல்.
நாற்றங்காலில் ஒரு கொக்கு நின்றது.
திரும்பும்போது ஆவுடையக்கா:
"ஏளா, உருட்டத்தான செய்யுத?"
"உருட்டத்தான் செய்யிதேன்."

தெருவுக்குள் திரும்பும் இடத்தில்
லேசாக ஒரு இறக்கம்.
அதுவும் யாருக்கும் தெரியாது.
இடது காலை மட்டும் பெடலில் வைத்தேன்.
நாலு வீட்டு நீளம்.
மிதிக்கவில்லை.
கணக்கில் சேராது.