பார்க்க வேண்டிய கட்டடங்கள்

எரெவானிலிருந்து திபிலிசிக்கு ராத்திரி ரயில்
குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.
வெள்ளி ஏறினால் சனி காலை இறங்கலாம்.
திங்களன்று நானூறு பேரின் சம்பளப் பட்டியல்
என் மேசையில் காத்திருக்கும்.
ஆக இரண்டு பகல்,
திரும்ப வேன்.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய நெடுஞ்சாலை அமைச்சகம்.
தீப்பெட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கிவிட்டு
குழந்தை சாப்பிட எழுந்துபோன மாதிரி
சரிவில் நிற்குமாம்.
இப்போது வங்கி.
"வங்கியைப் பார்க்கவா காசு செலவழித்துப் போகிறோம்?"
என்கிறான் ஹ்ராச், உருளைக்கிழங்கு சீவியபடி.

அப்புறம் கல்யாண மாளிகை.
கோயில் வேண்டாம் என்றவர்கள் காலத்தில் எழுந்து
கோயிலைப் போலவே இருப்பது.
உள்ளே விடுவார்களா தெரியாது.
விடாவிட்டால் எதிரே காப்பி.

ஞாயிறு முழுக்கப் பாலத்துக்கு.
மேட்டில் மூன்று அடுக்குமாடிகள்,
உச்சிக்கு உச்சி இரும்புப் பாலம்.
அங்கே குடியிருக்கும் மாக்வாலாவுக்கு போன் போட்டேன்.
ஒரே நிறுவனத்தில் நான் இங்கே கணக்கு, அவள் அங்கே.
ஏழு வருஷமாய்க் குரல் மட்டும்.
"சில்லறை கொண்டு வா,
காசு போட்டால்தான் எங்கள் லிஃப்ட் ஏறும்.
போன வாரம் ஒரு போலந்துக்காரன்
நூறு லரி நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான், பாவம்.
பாலத்தில் என் போர்வை காயும்.
அதோடு சேர்த்தே படம் எடு,
எல்லாரும் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்."

சிரித்துக்கொண்டே எழுதினேன்:
சில்லறை. போர்வை. மாலை வெளிச்சம், நாலரைக்குள்.

"எத்தனை மாடி?"

கத்தி நின்றிருந்தது.

பதினாலோ பதினாறோ, என்றேன்.
சொன்ன பிறகுதான்
வாய்க்குள் அந்த எண் கல்லாய் உருண்டது.

நாங்கள் இருப்பது தரைத்தளம்.
சாக்கடை வாடை வந்தாலும் தரைத்தளம்,
திருடன் வந்த பிறகும் தரைத்தளம்.
ஓட்டலில் படிக்கட்டுப் பக்கத்து அறை,
சினிமாவில் கதவோரம்.
பன்னிரண்டு வருஷத்தில் இதெல்லாம்
கணவனின் பழக்கங்கள் ஆகிவிடுகின்றன,
குறட்டையைப் போல.
காரணம் இருந்தது என்பதே மறந்துவிடுகிறது.

அன்று லெனினகான் என்று பெயர் அந்த ஊருக்கு.
டிசம்பர் ஏழு, பகல் பதினொன்று நாற்பத்தொன்று.
ஏழு வயது. பள்ளி முற்றத்தில் நின்றிருந்தான்,
கையுறையைத் தொலைத்ததற்குத் தண்டனையாக.
அவன் வீட்டு ஒன்பது மாடியும்
ஒரு பஸ் உயரத்துக்கு வந்தது.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
கல்யாணத்துக்கு முன் ஒருமுறை சொன்னான்,
மறுபடி நான் கேட்கவில்லை.

நான் காங்கிரீட்டை அழகென்று வாசித்தவள்.
நிழல் விழும் கோணம், அச்சுப் பலகையின் வரி,
எந்த வருஷம், யார் வரைந்தது.
எவ்வளவு சிமெண்டைத் திருடிவிட்டு
எவ்வளவு மணலைக் கலந்தார்கள் என்பது
எந்தக் கையேட்டிலும் இல்லை.

அடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன்.
ஈரக்கையோடு வந்து அவன் வாங்கிக்கொண்டான்.
"பாலம்" என்பதற்குப் பக்கத்தில்
அவனுடைய கோணல் எழுத்தில்:
நீ மேலே போ. நான் கீழே நிற்கிறேன். கையாட்டு.

கொஞ்சம் யோசித்து, அதன் கீழே:
போர்வைக்காரியை இறங்கி வரச் சொல், மீன் வறுவல் சாப்பிடலாம்.

உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.
ஜன்னலைத் திறந்தோம்.
வெளியே ஒருவர் பேட்டரி தீர்ந்த காரைத்
தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.
ஹ்ராச் செருப்போடு ஓடி உதவிவிட்டு வந்தான்.
தரைத்தளத்தில் அது ஒரு வசதி.

ராத்திரி டிக்கெட் எடுத்தேன்.
நாலு பேர் பெட்டி.
மேல் படுக்கை விலை குறைவு.
கீழ்ப் படுக்கை இரண்டும் காலி,
எதிரெதிரே.
அவற்றையே அழுத்தினேன்.