மாடி தெரியாத புள்ளி

வார்கெத்திலி. திபிலிசி மெட்ரோவின் கடைசி நிறுத்தம்.
அதற்கும் அப்பால் கால் மணி நடந்தால்
மாடிக்கு நாலு கதவாகப்
பதினாறு மாடி நிற்கிற கட்டிடம்.
அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது நீலப் புள்ளி,
நாத்தனார் நதேலா இரவல் தந்த திரையில்.

காலை ஏழே முக்காலுக்கு, ரயில் நெரிசலில்,
மாவு படிந்த என் கோட்டுப் பையிலிருந்து
போனது அது.

நான் ரொட்டி விற்கிறவள்.
அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடுகிற
படகு மாதிரி நீள ரொட்டி.
கடன் கணக்கு முழுக்கக் கைபேசியில்தான்:
பல் டாக்டர் ஒன்பது,
தையல்கார மனானா நாலு,
கோயில் மணியடிப்பவர் முப்பத்தொன்று.
கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பார்,
எந்த ஞாயிறு என்று சொல்ல மாட்டார்.
சேதி பரவியதும்
"ஐயோ லாமாரா, பாவமே" என்றவர்கள் முகத்தில்
சின்னதாய் ஒரு வெளிச்சம்.
பார்த்துக்கொண்டேன்.

ரோந்துப் போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள்.
இளையவன் திரையைப் பார்த்தான்,
கழுத்து வலிக்கக் கட்டிடத்தைப் பார்த்தான்.
"அறுபத்து நாலு கதவு. எதைத் தட்டச் சொல்கிறீர்கள்?"

நியாயம்தான்.
புள்ளிக்குக் கிழக்கு தெரியும், மேற்கு தெரியும்,
உயரம் தெரியாது.
வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு
எல்லாருமே தரைதான்.

அந்தக் கட்டிடத்து லிஃப்ட் காசு தின்கிற லிஃப்ட்.
ஏற இருபது தெத்ரி. இறங்க ஒன்றுமில்லை.
காசைப் போட்டேன். ஐந்தை அழுத்தினேன்.
திரையில் 'ஒலி எழுப்பு' என்பதையும் அழுத்தினேன்.

கூவியது!
பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

ஐந்தில் இறங்கிக் கதவு கதவாய்க் காது வைத்தேன்.
ஒரு வீட்டில் அக்ரோட் இடிக்கிறார்கள்.
ஒன்றில் சண்டை.
ஒன்றில் சண்டைக்குப் பிந்திய கரண்டிச் சத்தம்.
என்னுடையது மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது.
எட்டுக்குப் போனேன். பக்கத்தில்தான்.
எந்த மாடிக்கு ஏறினாலும் அதே தூரம், அதே சத்தம்,
ரயில் ஜன்னலில் கூடவே வருகிற நிலா மாதிரி.

சில்லறை தீர்ந்தது.
லிஃப்டில் இருந்த பெண்ணும் அவள் பிள்ளையும்
மூலை மூலையாகத் தேடினார்கள், எங்கே கூவுகிறது என்று.
பச்சைக் குல்லாய்ப் பையன் ஒருவன்
கேட்காமலே காசை எடுத்துப் போட்டான்.
"எந்த மாடி?"
பதினொன்று என்றேன், வாயில் வந்ததை.
தன் செருப்பைப் பார்த்தபடியே நின்றான்.

பதினொன்றில் நான் வெளியே வந்து நிற்கையில்
கீழேயிருந்து யாரோ லிஃப்டைக் கூப்பிட்டார்கள்.
கிணற்றில் இறங்குகிற வாளி போல
என் கைபேசியின் சத்தம்
பத்து, ஒன்பது, எட்டென்று
இறங்கிப் போனது.

அட மடச்சி.

பதினொரு மாடியும் படியில் ஓடினேன்.
மஞ்சள் விளக்கை மூடிய பிளாஸ்டிக் தட்டில்
ஒரு மூலை கழன்று தொங்கியது.
குடைக்காம்பால் குத்தினேன்.
இரண்டு செத்த ஈக்களோடு விழுந்தது,
நெற்றியில் ஒரு கீறல்,
மூன்று சதவீத உயிர்.

மறுநாள் மணியடிப்பவர் வந்தார்.
"கிடைத்துவிட்டதாமே" என்றார்.
முப்பத்திரண்டு.

ராத்திரி அடுப்பை அவித்துவிட்டுக் கை கழுவும்போதுதான்
தோன்றியது:
அத்தனை கூவலிலும்
எங்கே என்று அண்ணாந்து தேடாதவன்
அந்த ஒருத்தன்தான்.

ஈரம் துடைத்துவிட்டுக் கணக்கைத் திறந்தேன்.
இதுவரை இல்லாத ஒரு பக்கம் போட்டேன்,
'நான் தர வேண்டியது.'
பெயர் தெரியவில்லை.
பச்சைக் குல்லாய், இருபது தெத்ரி
என்று எழுதி வைத்திருக்கிறேன்.