வெறும் வயிற்றில்

வால்பரைசோவில் எந்தத் தெருவும்
ஏதோ ஓரிடத்தில் தெருவாக இருந்து அலுத்துப்போய்ப்
படிக்கட்டாகிவிடும்.
லாரி அங்கே நிற்கும்.
ஒனோஃப்ரே பைல்யான் இறங்குவார்.
பதினைந்து கிலோ எரிவாயு,
ஏறக்குறைய அதே கனத்துக்கு இரும்பு,
இரண்டும் ஒரே தோளில்.
மறுகை இடுக்கியால் உருளையைத் தட்டுவார்.
டங். டங்.
மேட்டில் ஒரு சன்னல் திறக்கும்:
எங்களுக்கும் ஒன்று.

என் மருந்துக்கடையில் விடியவிடியப் பச்சை விளக்கு.
பதினொரு மாதம், வெள்ளிதோறும்,
கம்பிக்கு அப்பாலிருந்து ஒரே சொல்:
"முட்டிக்கு."
நானும் ஒரே அட்டையை நீட்டினேன்.
சில்லறையைச் சரியாக எண்ணினேன்.
வேறெதையும் எண்ணவில்லை.

ஜூன் மழையில் ஒருநாள்
நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது கொடுங்கள் என்றார்.
உள்ளே வந்து உட்கார்ந்தார்.
உட்காருகிற ஆளில்லை அவர்.
சப்பாத்தின் கயிறுகள் அவிழ்ந்து கிடந்தன,
கணுக்கால் இரண்டும் ஊறிய ரொட்டி.

வேறு என்ன போடுகிறீர்கள் என்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.
மழைச்சட்டையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார்.
நான் கொடுத்த மஞ்சள் அட்டை.
கிடங்குச் செவிலி கொடுத்த நீலம்.
மச்சினன் மெந்தோசாவிலிருந்து வாங்கிவந்தது ஒன்று,
"அது குதிரைக்கே கேட்கும்" என்றாராம்.
அட்டைகளைப் பின்பக்கம் திருப்பினேன்.
மஞ்சளும் நீலமும் ஒரே இபுப்ரோஃபென்.
மூன்றாவது டைக்ளோஃபெனாக், அவற்றின் பங்காளி.
இவை போக
இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று,
இதயத்துக்கென்று தினம் ஒரு ஆஸ்பிரின்.

எப்போது போடுவீர்கள்?
"நாலரைக்கு. வெறும் வயிற்றில்.
அப்போதுதான் சட்டென்று பிடிக்கும்."

மலம் எப்படிப் போகிறது என்றேன்.
முப்பது வருடம் அந்நிய வீட்டு அடுப்படிவரை போனவர்
இந்த ஒரு கேள்விக்குக் கதவைச் சாத்தினார்.
பிறகு, தரையிடம் சொல்வதுபோல்:
"கறுப்பு. தார் மாதிரி.
கோச்சாயூயோ குழம்பு சாப்பிட்டேன்.
கடல்பாசிதானே, அந்த நிறம்."
எத்தனை நாளாய்?
"ஞாயிறிலிருந்து."
குழம்பு?
"அது போன மாதம்."

எப்படிச் சொல்வது.
உங்கள் டங் டங் போல உடம்பிலும் ஒரு தட்டல் உண்டு, ஒனோஃப்ரே.
அதைக் கேட்டுத்தான் முட்டி வலிக்கிறது.
அதையே கேட்டுத்தான்
வயிறு தன் சுவருக்குத் தினமும் பூச்சுப் பூசுகிறது,
சிறுநீரகம் தன் வாய்க்காலைத் திறந்து வைக்கிறது.
மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது.
தட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கிறது,
அவ்வளவுதான்.
மேட்டுவீட்டுச் சன்னல்கள் திறக்காமலே கிடக்கின்றன.

இதில் பாதிகூட நான் சொல்லவில்லை.
ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன்.
"நாளைக்கு ஒன்பது உருளை இருக்கிறது" என்றார்.
வியர்த்திருந்தார். மழைநாள்.

இரண்டு பை இரத்தம்.
வயிற்றுக்குள் மொச்சை அளவு குழி,
அதன் வாயில் ஒரு சின்னக் கவ்வி.
மகள் யெசெனியா வந்து சொல்லிவிட்டுப் போனாள்.
நன்றி என்றாள்.
பதினொரு மாதத்தை அவள் கணக்கிட்டிருக்கவில்லை.

அட்டைப்பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாள் ஒன்று இருக்கும்.
குறைந்த அளவு, குறைந்த நாள், சாப்பிட்டபின்,
இதே இனத்தில் இன்னொன்றோடு சேர்க்காதே.
அதை விரிப்பவரை நான் பார்த்ததில்லை,
கண்ணாடியில் உட்பட:
என் மணிக்கட்டுக்கு நானும் போடுகிறேன்,
இழுப்பறையில், முத்திரைக்குப் பக்கத்தில்.

இப்போது கம்பிக்கு அப்பால் "பல்லுக்கு" என்கிறாள் ஒருத்தி.
சாப்பிட்டாயா? வயிற்றில் புண் இருந்ததுண்டா?
வேறு மாத்திரை? கர்ப்பமா?
வரிசை முணுமுணுக்கிறது.
போலீஸ்காரி என்கிறான் பின்னால் ஒருவன்.

ஒனோஃப்ரே செப்டம்பரில் வந்தார்.
பாராசிட்டமால், முட்டிப்பட்டை, ஐந்து கிலோ உருளைகள் மட்டும்,
கூலியும் அந்த அளவுக்கு.
"வலியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், அம்மணி" என்றார்.
சிரிக்கவில்லை.

காலையில் ஷட்டரை இறக்கும்போது கேட்கிறது.
டங்.
அவர் நின்று மூச்சு வாங்குகிறார்.
நானும் பூட்டைக் கையில் வைத்தபடி நிற்கிறேன்,
அடுத்தது கேட்கும்வரை.