குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று

மழை பிடித்தால் ஒட்டுசுட்டானில்
கரண்ட் நிற்காது என்று சத்தியம் பண்ண ஆளில்லை.
அதனால் விதிகளைக் காலையிலேயே எழுதிவிடுகிறேன்:
ஒரு காணித்துண்டுக்கு உரித்தாளர்
குறைந்தது ஒருவர், கூடியது ஒருவர்.
விஸ்தீரணம் ஏக்கரில், தசம எண்ணாக.
எல்லை என்றால் இன்னொரு துண்டின் இலக்கம்.

பிறகு பதிவேட்டை உள்ளே விடுகிறேன்,
மதகைத் திறந்த மாதிரி.

முதலில் மிதந்து வருவன சின்னப் பிழைகள்.
விஸ்தீரணம்: எட்டுப் புசல் விதைப்பு.
எண் அல்ல, என்கிறது திரை.
எண்தான், என்கிறேன் மெதுவாக,
நீ விதைத்ததில்லை.
கிழக்கெல்லை: யானை போற பாதை.
துண்டு இலக்கம் எதிர்பார்க்கப்பட்டது.
யானைக்கு நான் எங்கே இலக்கம் போட?
பெறுமானம் ஏற்கப்படவில்லை. சிவப்பு.
அடுத்தது.

நாற்பத்தாறாம் துண்டில்தான் மாட்டிக்கொண்டது.
முத்தையன்கட்டு, வலதுகரை, மூன்றாம் வாய்க்கால்.
உரித்தாளர் வீரகத்தி குலநாயகி.
உரித்தாளர் சவரிமுத்து அந்தோனிப்பிள்ளை.
ஒரு கதியால் அரையடி தள்ளி நட்டதற்காகப்
பதினொரு வருசம் பொலிசுக்கும் கச்சேரிக்கும் நடந்தவர்கள்.

இரண்டு பேர் வந்தால் பிழை என்று கத்தும்,
அப்படித்தான் நினைத்திருந்தேன்.
அனுமான எந்திரம் கத்தவில்லை.
விசிறி இரைய யோசித்தது:
ஒருவர்தான் என்றாய்,
இரண்டு பெயர் தந்தாய்,
ஆகவே இருவரும் ஒருவரே.

குலநாயகியே அந்தோனிப்பிள்ளை.
ஒரே ஆள் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும்
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறார்.
தன் மாடு தன் மிளகாய்க் கன்றைத் தின்றதென்று
தன் மேலேயே முறைப்பாடு எழுதிக் கையொப்பமிடுகிறார்.
டிலக்சன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"கலியாணம் கட்டி வச்சிட்டுதே அக்கா."
கலியாணத்திலகூட ரெண்டு பேர்தானடா, என்றேன்.

பிறந்த ஆண்டில் எந்திரம் தடுக்கியது.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்று. அறுபத்துநான்கு.
பெயர்களை ஒன்றாக்கலாம், ஆண்டுகள் இணங்காது.
முரண், என்றது. நாற்பத்தாறு மட்டுமல்ல,
முழுப் பதிவேடும்.
முரணை ஒருதரம் உள்ளே விட்டால்
எதையும் நிறுவலாமாம்:
குளத்தை வயல் என்று,
வயலை எனது என்று.
இது ஒன்றும் எங்களுக்குப் புதிதல்ல.

ஒரு வரி எழுதினேன்:
குலநாயகி வேறு, அந்தோனிப்பிள்ளை வேறு.
இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது.
சொன்ன பிறகும் முரண் போகவில்லை.
இப்போதுதான் தெரிந்தது, அது காணியில் இல்லை,
காலையில் நான் எழுதிய விதியில்.
கூடியது ஒருவர் என்ற சொற்களை
அனுமானத்திலிருந்து கழற்றிச்
சரிபார்ப்பில் எச்சரிக்கையாக மாட்டினேன்:
இருவர் உளர். மனிதர் பார்க்கவேண்டியது.
மேலிடம் கேட்டால் கேட்கட்டும்.

அதற்குப் பிறகு எழுபத்தொன்று.
உரித்தாளர் இருக்கிறார்: புவனலோஜினி.
உறுதி இலக்கம் என்ற கட்டம் வெறுமை.
அனுமான எந்திரம் அலட்டிக்கொள்ளவில்லை:
ஓர் உறுதி எங்கேயோ இருக்கும்,
எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.
சரிபார்க்கிறது விடவில்லை:
எண்ணிக்கை பூச்சியம். குறைந்தது ஒன்று.

ஒன்றுக்கு, சொல்லாதது தெரியாதது.
மற்றதற்கு, சொல்லாதது இல்லாதது.
இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு
நான் தேத்தண்ணி குடிக்கிறேன், ஆறிப்போனது.

குறிப்பு என்ற கட்டத்துக்கு மட்டும் நான் விதி எழுதவில்லை.
எந்த வகையும், எந்த நீளமும், வராமலும் விடலாம்.
புவனலோஜினி அதில் எழுதியிருக்கிறார்:
உறுதி இருந்தது. ட்ரங்குப் பெட்டிக்குள்ள
பிள்ளையின்ர ரிப்போட்டோட இருந்தது.
நான் பாத்தனான்.

கரண்ட் போனது.
யூ.பி.எஸ். கீச்சிடுகிறது, ஏழு நிமிசம் தரும்.
நாற்பத்தாறு: இருவர்.
எழுபத்தொன்று: மூடவில்லை.
சேமிக்கிறேன்.