கழித்தல் 1423 நிமிடம்

கொருக்குப்பேட்டை கேட்
நேற்றிரவு மூடியது 11.52.
திறந்தது 12.09.
எவ்வளவு நேரம் மூடிக் கிடந்தது என்று கேட்டேன்.
கழித்தல் ஆயிரத்து நானூற்று இருபத்து மூன்று நிமிடம்
என்றது நான் எழுதிய நிரல்.

மூடுவதற்கு ஒரு நாள் முன்பே திறந்துவிட்ட கேட்!
அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தால்
இந்தத் தெருவில் பாதிப் பேர்
வேலைக்கு நேரத்துக்குப் போயிருப்பார்கள்.

பகலில் மணலி சாலையில்
எடைமேடைச் சீட்டு அடிக்கிறவள் நான்.
கன்டெய்னர் லாரி ஏறும், பலகை அதிரும், எண் விழும்.
சுமையோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழித்தால் சரக்கு.
அங்கே கழித்தல் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ரிச்சி தெருவில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய லேப்டாப்.
‘பி’ விசை மட்டும் கிடையாது.
பிரின்ட் என்று அடிக்கும்போதெல்லாம்
அந்தப் பள்ளத்தில் பென்சிலால் குத்தவேண்டும்.
வீடியோவில் சொல்லித் தந்த பையனைப்
பாதி வேகத்தில் ஓடவிட்டேன்.
குடித்தவன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினான்.
லூப் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

மூன்றாம் மாடி ஜன்னல், கீழே தண்டவாளம்.
கேட் மணி அடித்தால் ஒரு விசை,
கம்பம் எழுந்தால் இன்னொரு விசை.
அடுப்படியில் இருந்தால்
மாவுக் கையோடு ஓடி வந்து அழுத்துவேன்.
ஸ்பேஸ் பார் இப்போதெல்லாம்
கொஞ்சம் யோசித்துத்தான் எழுகிறது.

பக்கத்து வீட்டு கிளாட்சன்
ஐ.டி. கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர்,
விஷயம் தெரிந்தவர்.
“இதுல இன்னா வரும்?” என்றார்.
“ரயில் வரும்” என்றேன்.

நாற்பத்தொரு நாள் கணக்கு
ஒரு வியாழக்கிழமை போய்விட்டது.
கோப்பைத் திறக்கும்போது
இருப்பதோடு சேர் என்பதற்கு ஓர் எழுத்து,
அழித்துப் புதிதாய் எழுது என்பதற்கு ஓர் எழுத்து.
நான் இரண்டாவதைப் போட்டிருந்தேன்.
அது சொன்னபடி செய்தது.
சொன்னபடி செய்கிற ஒன்றிடம்
யார்தான் கோபித்துக்கொள்வது?
பாத்திரம் கழுவினேன்.
கழுவி வைத்ததை எடுத்து மறுபடி கழுவினேன்.

மறுபடி சேர்ந்த கணக்கை வைத்து
தேசம்மாக்காவுக்கு போனில் போட்டுக் கொடுத்தேன்.
காசிமேட்டில் கூடை ஏற்றி
கொடுங்கையூர் போகிறவர்.
காலை 6.10, கேட் திறந்திருக்கும்,
நூற்றுக்கு எண்பத்திரண்டு.

6.10க்கு நிலக்கரி வண்டி.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
நடுவில் நின்றும்விட்டது.
ஷேர் ஆட்டோவின் தரையெல்லாம்
வஞ்சிரத்தின் ஐஸ் தண்ணீர்.

“ஒம் மிஷினுக்கு நிலக்கரி தெரியாதா?”
சரக்கு வண்டிக்கு டைம்டேபிள் இல்லை அக்கா.
அவர் முந்தானையில் கையைத் துடைத்தபடி
திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
“மிச்சம் பதினெட்டு இருக்குதே,
அது எப்பவும் நான்தானா?”

பதில் எழுத மூன்று இரவு பிடித்தது.
திறந்திருக்கும், மூடியிருக்கும்,
இவற்றுக்கு நடுவே
‘தெரியாது’ என்று ஒரு விடை சேர்த்தேன்.
பத்தில் மூன்று தடவை இப்போது அதைத்தான் சொல்கிறது.
தெரியாது என்றால்
அக்கா மின்ட் வழியாகச் சுற்றிப் போய்விடுகிறார்.
அதற்குப்பின் ஒருமுறைகூட என்னைத் திட்டவில்லை.
ஒரு கிலோ சங்கரா கொடுத்தார், காசுக்குத்தான்.

நேற்றைய பிழைக்கு ஒரே வரி:
விடை கழித்தலில் வந்தால் 1440 கூட்டு.
பதினேழு நிமிடம் வந்தது.
அந்தப் பதினேழு நிமிடமும்
நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன்.
கம்பத்துக்குக் கீழே பைக்கைச் சாய்த்து
நுழைக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் நாள் மாறியதை
நிரல் மட்டுமா கவனிக்கவில்லை.

மேம்பாலம் வரப்போகிறது என்கிறார்கள்.
வந்தால் கேட் இருக்காது.
கிளாட்சன் இதைச் சொல்வதற்காகவே
இரண்டு மாடி ஏறி வந்தார்.
வரட்டும், நல்லதுதானே என்றேன்.
அவர் போனபின் கோப்பை
இன்னொரு பென்டிரைவிலும் நகல் எடுத்து வைத்தேன்.

தோ, மணி.
கையெல்லாம் மாவு.